கையெழுத்து போட வா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணியிடம் அடிக்கடி பேசுகிறாயாம், சந்தோஷம். அடிலெய்டில் குளிர் தொடங்கிவிட்டது என்று அவர் சொல்லித்தான் தெரியும். வேலை வேலை என்று இருக்காமல் நேரத்துக்குப் பசியாறு.

நம் வீட்டு மனையில் பாதியை உன் பேருக்கு எழுதுவது பற்றித் தீபாவளியன்று நீ சொன்னது மனசைவிட்டுப் போகவில்லை. நிலத்தை மனுஷன் உண்டாக்கவில்லை, பிறகு எப்படி ஒருவன் அதை என்னுடையது என்று சொல்லலாம் என்றாய். கிராண்ட் என்கிற நிலப்பத்திரமே பழைய அபகரிப்புக்கு வைத்த முத்திரை, என் பேரை அதில் போடாதீர்கள் என்றாய். வீட்டில் ஆட்கள் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. மகாத்மா காந்தி கலாசாலை மேடையில் வாதாடிக் கோப்பை வாங்கிய பிள்ளை நீ, உன்னைப் பேச்சில் பிடிக்க யாரால் முடியும்? அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அப்பாவிடம் பேசுகிற பேச்சா அது?

நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. இங்கே லாசா, ஜாலோங் பக்கம் போனால் தெமியார் பூர்வகுடி மக்களின் கிராமங்கள். ரப்பரும் துரையும் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் காடு அவர்களுடையது. அவர்களிடம் ஏது கிராண்ட்? நீ இருக்கும் ஊரும் கவுர்ணா என்ற பூர்வகுடி மக்களுடையது என்று நீயே சொன்னாய். இங்கே மலேசியாவில் விமான நிலைய நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் பூர்வகுடி மக்களின் நிலத்தை எடுத்தபோது அவர்கள் வழக்குப் போட்டார்கள். அது அவர்களின் மரபு நிலம், அவர்களுக்கு அதில் உரிமை உண்டு என்று 2002-ல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேப்பரில் வந்ததும் நான் உரக்கப் படிக்க, அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த மக்கள் நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லியா ஜெயித்தார்கள்? எங்களுக்குச் சொந்தம் என்றுதானே கேட்டார்கள். இதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும்.

உன் தாத்தாவை நினைத்துப் பார். ரப்பர் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அவர் வைத்த பலாமரம் உனக்கே தெரியும். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நிரை நிரையாக ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்து, பால் காய்ந்து கறுத்த விரலோடு வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். வேலை முடிந்தது, வீட்டைக் காலி பண்ணு என்றார்கள். பலாவில் அப்போது பிஞ்சு. உழைத்தவனுக்கே நிலம் என்று நீ சொல்கிறாய், கேட்க நன்றாக இருக்கிறது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமோ, அடுத்தவர் பேரில் பதிவான நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் பட்டா வராது என்கிறது. நம் வேர்வை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வேலை போனால் கூரையும் போகும் என்ற பயத்திலேயே மூன்று தலைமுறை வாய் மூடிக் கிடந்தது. தாத்தா தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ யாரிடமும் பயமில்லாமல் பேசுகிறாய். இபிஎப் சேமநிதிப் பணத்தை எடுத்து இந்த வீட்டை வாங்கிய பிறகு பிறந்தவள் நீ.

துண்டாடல் காலத்தைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறாய். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்க, நம் ஜனங்கள் சட்டி பானையோடு சாலையில் நின்றார்கள். அப்போதுதான் அமைச்சராக இருந்த நம்மூர்க்காரர் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நம் நாட்டுப் பணத்தில் நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். மரம் வெட்டுகிறவனுக்குப் பத்து வெள்ளி என்பது சும்மா இல்லை. தாத்தா கட்டினார். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். கூலிகள் சேர்ந்து தோட்டம் வாங்கினார்கள் என்று சொல்லும்போது தாத்தாவின் குரல் மாறும். நீ கேட்கிற பொதுவுடைமை அதில் இல்லையா? ஆனால் அதற்கும் சங்கத்தின் பேரில் ஒரு கிராண்ட் வேண்டியிருந்தது.

ஒருவன் பத்தாயிரம் ஏக்கரை வளைத்துப்போட்டு, அதில் குடியிருப்பவனை ஒரு கடிதத்தில் துரத்த முடிவது அநியாயம். அதை எதிர்த்து நீ பேசு, எழுது, அப்பா உன் பக்கம். நம்முடையது ஒரு வீட்டு மனை. அதுவும் முழுசாக நம்முடையது இல்லை. வருடா வருடம் நிலவரி கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பறிமுதல் வரைக்கும் போகும். பொதுக் காரியத்துக்கு வேண்டுமென்றால் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். யாரும் சும்மா வந்து போ என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் அந்தக் காகிதத்தின் பலம். அந்த அவ்வளவு தாத்தாவிடம் இல்லை.

இன்னொன்று, உனக்குத் தெரிந்திருக்கும். பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற இந்த முறை, டாரன்ஸ் என்பவர் 1858-ல் நீ இருக்கிற தென் ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்தது. நீ ஆற்றங்கரையில் நின்று படம் அனுப்பினாயே, அந்த ஆற்றுக்கு அவருடைய அப்பா பேர்தானாம். அதைப் படித்ததும் உன்னிடம் சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தேன். நீ வேலையில் இருப்பாய் என்று வைத்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாதி அண்ணனுக்கு, பாதி உனக்கு. பேர் மாற்றும் படிவமான போராங் 14ஏ-யை லாயர் தயார் பண்ணிவிட்டார். கொடுக்கிற நான் மட்டும் கையெழுத்து போட்டால் போதாது, வாங்குகிற நீயும் போட வேண்டும். அண்ணன் போட்டுவிட்டான். உன் பாதியையும் அவன் பேரிலேயே எழுதிவிடலாமா என்று லாயர் கேட்டார். அண்ணனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனுக்கும் உனக்கும் ஆயிரம் இருக்கலாம், இதை நீ மறக்காதே. அம்மா நேற்றுகூட எல்லைக்கல்லைச் சுற்றிப் புல் செதுக்கினாள். முட்டியை வைத்துக்கொண்டு ஏன் குனிகிறாய் என்றால், பிள்ளை வந்தால் கல் தெரிய வேண்டாமா என்கிறாள். பிறகு நீ அதில் வீடு கட்டு, வாடகைக்கு விடு, நம் ஜனங்களில் இடமில்லாத ஒருவருக்கு எழுதிக்கொடு, அது உன் இஷ்டம். கொடுப்பதற்கும் முதலில் உன் பேரில் இருக்க வேண்டும் அல்லவா?

அடிலெய்டிலேயே நோட்டரி முன்னால் கையெழுத்து போட்டு அனுப்பலாம், வரத் தேவையில்லை என்று லாயர் சொன்னார். நான் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. நீ வந்து போடு. டிக்கெட் பணம் பற்றி யோசிக்காதே. குளிருக்குக் கனமான சட்டை போட்டுக்கொள், நேரத்துக்குப் பசியாறு. எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று மட்டும் எழுது, அதுவரை லாயரைப் பொறுக்கச் சொல்கிறேன்.

அப்பா
சுங்கை சிப்புட்