கன்ஹேரியின் தண்ணீர்த் தொட்டிகள்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. சின்னவளுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு குடும்பத்தோடு போரிவலி காட்டுக்குப் போய்வந்தோம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று பெயர். பேச்சில் நேஷனல் பார்க். நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. அதை ஒட்டியே மும்பையும் தாணேயும் அடுக்குமாடிகளாக எழும்பி நிற்கின்றன. சிறுத்தைகள் வாழும் இடம். எங்கள் கண்ணில் ஒன்றும் படாததில் பையனுக்கு ஏமாற்றம்தான். மானும் குரங்கும் பார்த்துச் சமாதானமானான்.

அப்புறம் கன்ஹேரி குகைகள். காட்டுக்கு நடுவே, கரும்பாறை மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைப் புத்த பிக்குகளுக்காகக் குடைந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் வருஷ வேலை. மூன்றாம் எண் குகையில் வரிசையாகத் தூண்கள், உள்ளே தூபி, வாசலில் மிக உயரமான புத்தர். வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறினால்தான் எனக்குப் பிடித்த பகுதி. பல குகைகளின் வாசலில் பாறையைக் குடைந்த தண்ணீர்த் தொட்டி. மலைமேல் விழும் மழை அங்கே வந்து சேரப் பாறையிலேயே வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும், பிறகு மாதக்கணக்கில் துளி விழாது. அந்த நாலு மாத மழையை வைத்துத்தான் மலைமேல் ஒரு ஊரே வருஷம் முழுக்க வாழ்ந்திருக்கிறது! தொட்டிகளில் இப்போதும் தண்ணீர் நிற்கிறது. கால்வலியோடு ஏறி வந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருணிதான்டி இது" என்றார்கள்.

இதே காட்டுக்குள்தான் விஹார், துளசி ஏரிகளும் இருக்கின்றன. 1860-இல் விஹாரையும் 1879-இல் துளசியையும் கட்டி முடித்தார்கள். இன்றும் மும்பைக்குக் குடிநீர் தருகின்றன. மரங்கள் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால்தான் ஏரிகள் சீக்கிரம் தூர்ந்துபோகாமல் இருக்கின்றன. 'இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே' என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்க முடிவதில்லை. அது ஒரு நிமிஷம்கூடச் சும்மா இல்லை, மீனா. விடுமுறை நாளில் சுற்றிப்பார்க்கும் இடமாக மட்டும் அதை நினைப்பது பெரிய அநியாயம்.

டிசம்பரில் நீங்கள் வாருங்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, அதைத் தவிர்த்துவிட்டு டிக்கெட் எடு. சின்னவள் நோட்டும் பென்சிலும் கொண்டுவரட்டும். அந்த வாய்க்கால்களை அவள் வரைந்து பார்க்க வேண்டும். வாசலிலிருந்து குகைகளுக்குப் பல கிலோமீட்டர் தூரம், ஆனால் வண்டி போகிறது. மேலே படிகள்தான் கொஞ்சம் அதிகம். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
வசந்தா