மூன்றின் மேல் ஐந்து

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். மூன்று ஞாயிறாக உனக்குப் போன் எடுக்கிறோம். மூன்று ஞாயிறும் நீ குளிக்கிறாய் என்று மருமகள் சொல்லுகிறாள். டொராண்டோக் குளிரில் அவ்வளவு நேரம் தலைக்கு வார்க்காதே.

இந்தக் கிழமை பென்னிப் பெட்டியைக் கிளறினேன். விக்டோரியா ராணி காலத்துப் பென்னிக் காசு ஒன்றில் வருசத்தின் கடைசி இலக்கம் இரட்டையாகத் தெரிந்தது. நெஞ்சு ஒருதரம் அடித்துவிட்டு நின்றது. லூப் உருப்பெருக்கியில் பார்த்தால் படிக்கட்டு மாதிரித் தட்டை. அடிக்கும்போது அச்சு ஆடியிருக்கிறது, அதற்கு விலையில்லை. கீழே கிடக்கும் எண்ணும் உருண்டு திரண்டு நின்றால்தான் அச்சிலேயே இரண்டுதரம் குத்தியது. அச்சில் எண்ணைக் கையால் குத்திய காலம், உளி சரிந்தால் திரும்பக் குத்துவார்கள், முதற் குத்தின் அடையாளம் கிடக்கும். அந்த அச்சில் அடித்த பென்னி எல்லாவற்றிலும் கிடக்கும். உனக்கு நான் சொல்லவேண்டுமா? 1902 பென்னி ஒன்றில் பிரிட்டானியாப் பெண்ணுக்குப் பின்னால் கடல் மட்டம் பதிவாகக் கிடக்குது என்று ஒன்பது வயதில் எனக்கு முதல் கண்டவன் நீ. அந்தக் கண்ணுக்கு இப்போது போனில் அம்மாவின் நம்பர் தெரிவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் கார் ஓட்டாதே. தலைக்கு வார்த்தால் ஈரத்தோடு படுக்காதே.

பெட்டியின் அடியில் அந்த 1865 பென்னி கிடக்குது. இங்கே லண்டனில் போர்ட்டபெலோ சனிச் சந்தையில் வாங்கியது, 3இன் மேல் 5 குத்தியது. 1863க்குச் செய்த அச்சை வீணாக்காமல் பாவித்திருப்பார்கள். 5இன் வளைவுக்குள் 3 எட்டிப் பார்க்கும். வெண்கலம் என்றாலும் நூற்றுக்கு 95 செம்புதானே, புளி பட்டதும் நூறு வருசக் கருமை கழன்று ரோஸ் நிறமாகிவிட்டது. இன்னும் அந்த நிறம் மாறவில்லை.

அதற்காக உன்னை அடித்தேன். நீ தேய்க்கவில்லை, தம்பி. இரவு வேலை முடிந்து வந்து, 3 வடிவாகத் தெரியட்டும் என்று குசினியில் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தது நான். காலையில் "ஆர் செய்தது?" என்று அம்மா கேட்டபோது நீ பக்கத்தில் நின்றாய். "நான் இல்லை" என்று ஒருதரம்தான் சொன்னாய். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் அப்படித்தான் இருக்கிறாயோ என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு இது தெரியாது.

மருமகளின் குரலும் சரியில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு இங்கே பின்னேரம் ஆறு மணிக்கு எடுப்பேன். உனக்கு மத்தியானம் ஒன்று. அந்த நேரம் குளிக்காதே.

அப்பா