அக்காவுக்கு, சின்னவள் கூத்துப் படிக்கிற விஷயமாக

லண்டன், ஈஸ்ட்ஹாம்.

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இங்கே சுகம், அங்கே அத்தானும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். வட்ஸ்அப்பில் கதைக்கலாம்தான், ஆனால் நீ தொடங்கினதும் அழுகிறாய், நான் கோபப்படுகிறேன், கடைசியில் லைன் வெட்டிப் போகிறது. அதனால் எழுதுகிறேன். நிதானமாக வாசி, அத்தானுக்கும் வாசித்துக் காட்டு.

சின்னவளுக்கு மட்டக்களப்புக் கல்லடியில் விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, நாடகமும் அரங்கியலும் படிக்கப் போகிறாளாம், நான் மாமனாக நின்று நாலு சொல் சொல்லி மறிக்க வேண்டுமாம். "பொம்பிளப் பிள்ளை கூத்தாடியாகப் போனால் ஆர் கட்டுவான்" என்று கேட்டாய். சரி, அதற்கு வருகிறேன். முதலில் இங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே என் வாழ்க்கை உனக்குத் தெரியும். சுப்பர்மார்க்கட்டில் இரவு வேலை, விடியப் படுக்கை, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. பதினொரு வருஷம். படியில் கண்டால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், அவ்வளவுதான். எங்களோடு ஒரு வெள்ளைக்காரப் பெடியன் தட்டுக்களில் சாமான் அடுக்குகிறான், அவன் ஒரு நடிகன். பகலில் நடிப்புக்குத் தேர்வு, இரவில் பால்போத்தல். வருஷத்தில் இரண்டு நாடகம் கிடைத்தால் பெரிய விஷயமாம். (அக்கா, "பார்த்தாயா, அங்கேயும் சோறு போடாது" என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது.) அவன்தான் ஒரு ஞாயிறு மத்தியானம் என்னைத் தேம்ஸ் ஆற்றங்கரையில் குளோப் என்கிற அரங்குக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கு. 1599-இல் கட்டினது, 1613-இல் நாடகத்துக்குள் பீரங்கி வெடித்ததில் கூரை பற்றி எரிந்து போனது, மறுகா கட்டினார்கள், 1642-இல் நாடகமே கூடாதென்று எல்லா அரங்குகளையும் பூட்டிவிட்டார்கள். இப்போது இருப்பது அதேபோலப் புதிதாகக் கட்டி 1997-இல் திறந்தது. உள்ளே போனதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வட்டமாக இருக்கிறது, ஓரத்துக்குத்தான் கூரை, அதுவும் புல்லால் வேய்ந்தது, நடுவில் வானம். ஐந்து பவுண் கொடுத்த நாங்கள் மூன்று பக்கமும் மேடையை ஒட்டி நின்றோம். மழை தூறியது, குடை பிடிக்கக் கூடாது, யாரும் போகவில்லை. பகல் வெளிச்சம் என்றபடியால் நடிப்பவனும் தெரிகிறான், எதிரே நிற்கிற சனத்தின் முகமும் தெரிகிறது. கூத்து ஆடுகிற நம்ம வட்டக்களரிதானே இது என்று நினைத்தேன். நடுவில் மத்தளத்தோடு, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் நிற்கவில்லை, அதுதான் குறை.

நாடகம் லியர் மன்னன். மூன்று பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் காணி பிரித்துக் கொடுத்துவிட்டுப் போக இடமில்லாமல் நிற்கிற கிழவன் கதை. மட்டக்களப்பானுக்கு இதை விளக்க வேண்டுமா? வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைகளுக்கு எழுதுகிற ஊரில் பிறந்தவன் நான். இங்கிலீஷ் பாதி விளங்கவில்லை, ஆனால் பக்கத்தில் நின்ற வயதான மனுசி அழுகிறதைப் பார்த்து நானும் அழுதேன். முன்பின் தெரியாத மனுசி, கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். பதினொரு வருஷத்தில் இந்த ஊரில் ஒருவர் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று தமிழாக்கி, அவர் நாடகங்களை நமக்கு விளக்கி 1926-இலேயே மதங்க சூளாமணி என்ற நூலை எழுதினவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். துறவி அக்கா, காவி உடுத்த மனுசன்! அவருக்கு நாடகம் இழிவாகத் தெரியவில்லை. அவர் பேரிலுள்ள இடத்துக்குத்தான் பிள்ளை போகப் போகிறாள், நீ தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறாய்.

2002 சமாதான காலத்தில் நம்ம ஊரில் பதினெட்டாம் போர்க் கூத்து ஆடினது ஞாபகமிருக்கா? உனக்கு அப்போதுதான் கலியாணம் முடிந்தது, நீ ஆரையம்பதியில். அதனால் சிலது உனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் மேல் வயல்காரருக்கும் வரம்புச் சண்டை, இரண்டு வருஷம் முகத்தில் முழிக்கவில்லை, வழக்கும் நடந்தது. அண்ணாவியார் என்ன செய்தார்? அப்பாவுக்குத் துரியோதனன், அவருக்கு வீமன் என்று வேஷம் கொடுத்துவிட்டார். வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அறுவடை முடிந்த கையோடு கூத்துப் பழக்கம் தொடங்கியது. இரவு இரவாக ஒரே தாளத்துக்கு மிதிக்க வேண்டும், ஒருவர் பிந்தினால் அண்ணாவியார் இருவருக்கும் சேர்த்துத்தான் ஏசுவார். காலில் சதங்கை கட்டுகிற சதங்கை அணியும் முடிந்து, ஊருக்கு முன்னால் ஆடுகிற களரியேற்ற நாளும் வந்தது.

விடிய வெள்ளாப்பில், பெற்றோல்மக்ஸ் விளக்கு மங்குகிற நேரத்தில், வீமன் கதாயுதத்தை ஓங்கினார். சனம் அப்படியே உறைந்து போனது, ஏனென்றால் ஊருக்கே வழக்குத் தெரியும். அடி விழுந்தது, அப்பா சாய்ந்தார். நான் களரி ஓரத்தில் பாட்டை எடுத்துக் கொடுக்க ஏடு பார்த்தவருக்கு ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். வீமன் குனிந்து மெதுவாக, "பட்டுட்டா?" என்று கேட்டார். செத்துக் கிடந்த துரியோதனன் கண்ணைத் திறக்காமலே, "இல்ல, நீ ஆடு" என்றார்.

வழக்கு அதோடு தீரவில்லை, அது பிறகும் இழுபட்டது. ஆனால் அடுத்த போகத்தில் தண்ணி கட்டுகிறபோது ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் கட்டினார்கள்.

கூத்து எல்லாரையும் சேர்த்து வைத்தது என்று பெருமையடிக்கவும் நான் தயாரில்லை. யார் ஆடலாம், யார் மேளம் மட்டும் அடிக்கலாம் என்று சாதி பார்த்த கூத்துத்தான் அது. திரௌபதைக்கு மீசை மழித்த ஆம்பிளைதான் ஆடினான், பெண்கள் பாயில் இருந்து பார்த்தார்கள். அதெல்லாம் மாற வேண்டுமென்று சீலாமுனையில் கூத்தை மீளுருவாக்கினவர்கள் ஊராரோடு இருந்து கதைத்துக் கதைத்துச் செய்தார்கள். அதற்கு முன், 1960களில், பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கிக் கொழும்பு மேடைக்குக் கொண்டு போனபோது, இராவணனாக ஆடினவர் நம்ம மௌனகுரு. அவர் பிறகு பேராசிரியரானார். 'கூத்தாடி' என்று அவரை ஆர் சொன்னார்கள்?

பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழா பதினெட்டு நாளும் பாரதம்தானே. வனவாசம் போகிற பாண்டவரை நீ கும்பிடுகிறாய், வேஷம் கட்டினவன் பக்கத்துத் தெருப் பெடியன் என்று தெரிந்தும் கும்பிடுகிறாய். கோயிலில் என்றால் சாமி, கம்பஸில் என்றால் கூத்தாடியா?

வேலை கிடைக்குமா என்று அத்தான் கேட்பார். நியாயமான கேள்வி. பட்டம் முடித்தவர்கள் ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருக்கத்தான் செய்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மற்றப் பாடம் படித்தவர்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். கணக்கியல் படித்த நான் பால்போத்தல் அடுக்குகிறேன். படிக்கிற நாலு வருஷத்துக்கும் மாதம் மாதம் நான் அனுப்புகிறேன், அதைப் பற்றி யோசிக்காதே.

அடுத்த கிழமை காசு போடுகிறேன், கல்லடியில் நல்ல அறை பார்க்கச் சொல்லு. அப்புறம் ஒன்று, அப்பாவின் சதங்கை சாக்கில் சுற்றிப் பரணில் இருக்கும். துணியை எலி கடித்திருந்தால் புதுத் துணியில் தைத்துக் கொடு, மணியை எறிந்துவிடாதே, எல்லாம் பித்தளை. அவள் காலுக்குப் பெரிதாக இருந்தால் இரண்டு வரிசையைக் கழற்றி எடுக்கலாம்.

இப்படிக்கு,
தம்பி