நடுப்பக்கத்தை நடுவில் வெட்டாதீர்கள்

பழைய இதழ்களை எண்மமாக்கும் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும்,

வணக்கம். விமானம், ரயில், கப்பல் ஆகியவற்றின் மேல்தகட்டை நீக்கி உள்ளே இருப்பதைக் காட்டும் வெட்டுத்தோற்றப் படங்களைத் தேடிப் பார்க்கும் வாசகன் நான். 1940களிலும் 50களிலும் பிரிட்டிஷ் இதழ்களில் வந்த அத்தகைய படங்களை நான் பார்க்க முடிவதே உங்கள் உழைப்பால்தான். அதற்கு நன்றி. ஆனால் அவை வந்து சேரும் கோலத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1950 ஏப்ரல் 14 அன்று வெளிவந்த ‘ஈகிள்’ சிறுவர் இதழின் முதல் நடுப்பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஆஷ்வெல் வுட் வரைந்த 18000 என்ற ரயில் எஞ்சின் அதில் இருந்தது. ஸ்விட்சர்லாந்தின் பிரவுன் பொவேரி நிறுவனம் கட்டியது. சூடான வாயுவால் சுழலும் கேஸ் டர்பைன் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரத்தில் சக்கரங்கள் ஓடும். அந்த வண்டி இன்று இங்கிலாந்தின் டிட்காட் ரயில்வே மையத்தில் நிற்கிறது. ஆனால் 1960இல் ஓய்வு பெற்றபின் அதை ஐரோப்பாவில் சோதனை வண்டியாகப் பயன்படுத்தியதில் உள்ளே பல மாற்றங்கள் நேர்ந்துவிட்டன. ஓடிக்கொண்டிருந்த நாளில் அதற்குள் எது எங்கே இருந்தது என்பதை ஒரே பார்வையில் காட்டுவது அந்தப் படம்தான்.

அப்படிப்பட்ட படங்களை இரண்டு பக்கங்கள், இரண்டு கோப்புகள் என்று பிரித்துத் தருகிறீர்கள். எஞ்சினின் மூக்கு ஒரு கோப்பில், வால் அடுத்ததில். நடுவில் விரலகலம் காணவில்லை. டர்பைன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்! பல இதழ்களை ஒன்றாகத் தைத்துக் கட்டிய தொகுதிகளில் மடிப்பு உள்ளே புதைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தனி இதழாக இருக்கும்போதாவது நடுப்பக்கம் ஒரே தாள்தான். விரித்துவைத்து ஒரே படமாக எடுக்கலாமே.

அடுத்தது எண்கள். படத்தில் 1, 2, 3 என்று உறுப்புகளுக்கு எண்ணிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் விளக்கம் தந்திருப்பார்கள். பல பிரதிகளில் அந்தப் பொடி எழுத்து வெறும் மசி. 17 என்பது எண்ணெய்த் தொட்டியா காற்றுக்குழாயா என்று தெரியாவிட்டால் அது வெறும் அழகான ஓவியம். வரைந்தவர்கள் அதற்காகப் பாடுபடவில்லை.

அவர்களுடைய உழைப்பைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ‘ஃப்ளைட்’ விமான இதழுக்கும் ‘ஆட்டோகார்’ கார் இதழுக்கும் வரைந்த மேக்ஸ் மில்லர் போன்றவர்களுக்கு எங்கே வெட்டுவது என்பதே முதல் கேள்வி. இறக்கையின் தகட்டை அதிகம் உரித்தால் விமானத்தின் வடிவம் போய்விடும். குறைவாக உரித்தால் விலாச்சட்டங்களும் எரிபொருள் தொட்டியும் மறைந்துவிடும். அதனால்தான் கிழிந்ததுபோன்ற அந்த ஒழுங்கற்ற விளிம்பு. அருகிலுள்ள உறுப்பு தொலைவிலுள்ளதை மறைக்காதபடி கோணத்தையும் தேர்ந்தாக வேண்டும். எந்தப் புகைப்படக் கருவியாலும் எடுக்க முடியாத காட்சி அது. என்னைக் கேட்டால், இன்றைய கணினிப் படங்களில் பாதிக்கு இந்தத் தேர்வு கிடையாது. எல்லாவற்றையும் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு எதையும் காட்டாமல் விடுகின்றன.

ஆனாலும் உங்கள் பட்டியல்களில் இவை ‘விளக்கப்படம்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகின்றன. ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழுக்குப் பல பத்தாண்டுகள் வரைந்த ஜி. எச். டேவிஸின் கையொப்பம் படத்திலேயே தெரியும்போது, அதைப் பட்டியலில் சேர்க்க என்ன தடை? கதாசிரியரின் பெயரை விடமாட்டீர்கள், அல்லவா?

பதிப்புரிமை இன்னும் நீங்காத படங்கள் பல உண்டு. அவற்றைப் பொதுவில் வைக்க முடியாதது புரிகிறது. ஆனால் அதற்காக மங்கலாகப் பிரதியெடுக்க வேண்டியதில்லை. உயர்ந்த தரத்தில் எடுத்து, வாசக அறையில் மட்டும் காட்டுங்கள். உரிமை நீங்கியவற்றை முழு அளவில் திறந்துவிடுங்கள். எண் விளக்கங்களைத் தட்டச்சு செய்து, படத்தோடு சரிபார்த்துத் தர என்னைப் போன்ற வாசகர்கள் கூலியின்றி முன்வருவோம். முதலில் ‘ஈகிள்’ நடுப்பக்கங்களிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்