பொய்யைத் தயாரிப்பவர்களைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘சமூக வலைத்தளங்களில் பொய்ச் செய்தி பகிர்வோர் மீது கடும் நடவடிக்கை’ என்ற அறிவிப்பைப் பல வருடங்களாகப் பத்திரிகைகளில் வாசித்து வருகிறேன். ஆட்சிகள் மாறினாலும் அந்த வசனம் மாறுவதில்லை. பகிர்பவர்களை நமக்கே தெரியும். அடுத்த வீட்டு மாமி, ஓய்வுபெற்ற வாத்தியார், வெளிநாட்டிலிருக்கும் மச்சான். அந்தப் பொய்யை உட்கார்ந்து எழுதியவர் யார், யாருடைய பணத்தில் அது ஊர் முழுக்க ஓடியது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாக ஒரு காணொளி பரப்பப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை கொடுத்தார். அந்த உண்மை மக்களைச் சென்றடைவதற்குள் கண்டிக்கு அருகிலுள்ள திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. அடுத்த வருடம் மே மாதம், ஒரு வைத்தியர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்களப் பத்திரிகை முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகல் வைத்தியர் ஷாபி கைதானார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் தெரிவித்தது. ‘நம் இனத்தைப் பெருகவிடாமல் செய்கிறார்கள்’ என்ற அதே பயம்தான் ஒரே வருடத்தில் உணவகத்திலிருந்து சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு இடம் மாறியது. இது தானாக முளைத்த வதந்தி என்று என்னால் நம்ப முடியவில்லை. எந்தப் பயம் வேலை செய்யும் என்று அறிந்தவர்கள் அதைத் திரும்பவும் கையில் எடுத்தார்கள். 2018 வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்க 2020 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசின் கைக்கு முதலில் வருவது சமூக வலைத்தளத் தடைதான். திகன கலவரத்தின்போது ஒரு வாரம், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் மாத இறுதி வரை. அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வசிப்பவள் நான். வட்ஸ்அப் முடக்கப்பட்டிருந்த அந்த நாட்களில்தான், குழாய்த் தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற கதை எங்கள் தொடர்மாடியின் எல்லா மாடிகளுக்கும் ஏறியது. தொலைபேசி அழைப்பிலும் படிக்கட்டுப் பேச்சிலும் அது வந்தது. கீழ்வீட்டு அக்கா தாங்கியில் இருந்த தண்ணீரை எல்லாம் திறந்துவிட்டு, குழந்தைக்குப் பால் கரைக்கப் போத்தல் தண்ணீர் தேடிக் கடை கடையாக அலைந்தார். அது பொய் என்ற அறிவிப்பு தமிழில் எங்களிடம் வந்து சேர்வதற்குள் கடைகளில் போத்தல்கள் தீர்ந்துவிட்டன. கனடாவிலும் லண்டனிலும் இருந்த உறவினர்கள் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்க வழியின்றித் தவித்தார்கள். தடையைத் தாண்டிச் செல்ல உதவும் வி.பி.என். செயலி தெரிந்தவர்களோ வழமைபோல் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மீண்டும் தடை வந்தது. அன்று நாட்டில் கலவரம் எதுவும் இல்லை. எரிவாயுவும் மின்சாரமும் கேட்டு மக்கள் வீதிக்கு வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

2024 ஜனவரி 24ஆம் திகதி நிறைவேற்றப்பட்ட, இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் போலிக் கணக்குகள் பற்றிய பிரிவும் இருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேரிடம் கொடுப்பதை ஏற்க மாட்டேன். முகநூல் பதிவு ஒன்றுக்காக 2020 ஏப்ரலில் கைதான எழுத்தாளர் றம்ஸி ராசீக் ஐந்து மாதங்கள் தடுப்பில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில். வெறுப்புக்கு எதிராகப் பேனாவால் போராட வேண்டும் என்று எழுதியவர் அவர்.

கடந்த தேர்தல் காலத்தில் எங்கள் தொடர்மாடிச் சங்கக் குழு, பாடசாலைப் பெற்றோர் குழு, ஆலயக் குழு மூன்றிலும் சில நிமிட இடைவெளியில் ஒரே செய்தி வந்தது. மூன்றிலும் ‘அவதானம்’ என்பது ‘அவதாணம்’ என்றே இருந்தது. செய்தியின் கீழிருந்த முகநூல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது, அதை நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை அதன் விபரப் பகுதியில் எவரும் பார்க்கலாம். இந்தப் பக்கம் சமையல் குறிப்புப் பக்கமாகப் பிறந்து, இரண்டு முறை பெயர் மாறி, தேர்தலுக்குச் சற்று முன் ‘தமிழர் குரல்’ பேசத் தொடங்கியிருந்தது. புட்டுக்கும் சொதிக்கும் விருப்பம் தெரிவித்த பெண்கள் எல்லோரும் தங்களுக்கே தெரியாமல் ஓர் அரசியல் பிரசாரத்தின் வாசகர்களாகிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளர் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா வரை செலவிடலாம் என்று வரையறுத்தார்கள். வேட்பாளரின் பெயரே இல்லாத இப்படிப்பட்ட பக்கங்களுக்குப் போகும் பணம் அந்த 109 ரூபாவில் அடங்குமா? தேர்தல்கள் ஆணைக்குழு இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பகிர்ந்த மாமியை விசாரிக்கும் பொலிஸார், பக்கத்தை நடத்தியவரின் வங்கிக் கணக்கையும் விசாரிக்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தமிழில் ஒரு பொய் பரவினால், மறுப்பும் அன்றே தமிழில் வர வேண்டும். கொழும்பிலும் வடகிழக்கிலும் மலையகத்திலும் செய்தியாளர்களை வைத்திருக்கும் பத்திரிகைகளால் இதைச் செய்ய முடியும். ‘வதந்தியை நம்பாதீர்கள்’ என்ற இரண்டு வரிப் பெட்டிச் செய்தி போதாது. எந்தப் பக்கம் தொடங்கியது, அதன் பழைய பெயர் என்ன, எங்கிருந்து நடத்தப்படுகிறது என்பதைத் தேடிப் பெயரோடு பிரசுரியுங்கள். மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு ஓயாமல் இருக்கும் இப்போதே அதைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.