ஆண்டறிக்கை: நம் தீவில் தங்கிய இளம் தன்னார்வலர்கள்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஐ.நா. பொதுச்சபை 1985இல் அறிவித்த பன்னாட்டுத் தன்னார்வலர் நாளான டிசம்பர் 5 அன்று, கடற்கரையைச் சுத்தம் செய்தோம். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாடுகளிலிருந்து வந்து நம்மோடு தங்கிய பிள்ளைகளின் வாழ்க்கையைத்தான் இம்முறை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கடைசியில் நான் வைக்கப்போகும் தீர்மானத்துக்கும் அதுவே காரணம்.

வந்து இறங்கியதும் அவர்கள் முதலில் கற்றுக்கொள்வது தண்ணீரை. நம் போன்ற சிறு தீவின் நிலத்தடியில் மழைநீர் ஒரு மெல்லிய அடுக்காக உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை இறங்கியிருக்கும். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் மேல்மட்டம் கொஞ்சம் தாழ்ந்தாலே அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஒருமுறை உப்பேறிய கிணறு தேறுவதற்குப் பல மழைக்காலங்கள் ஆகும். இதைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது யாருக்கும் மனதில் நிற்கவில்லை. இரண்டு கிணற்றுத் தண்ணீரை இரண்டு குவளைகளில் ஊற்றி, ருசி பார்க்கச் சொன்னோம். அன்று மாலையே குளியலறையில் குழாய் மூடப்பட்டு, வாளி வந்துவிட்டது.

ஆமைக் காவல் இவ்வாண்டின் பெரிய வேலை. முட்டைகள் பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும். பொரிந்த குஞ்சு இருட்டில் வெளிச்சமான அடிவானத்தை நோக்கிப் போகும். அது இயல்பில் கடலின் திசை. கரையில் ஒரு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஓர் இரவு சிவப்பு டார்ச்சோடு காத்திருந்த பிள்ளைகளின் கண்ணெதிரே மணல் லேசாகக் குழிந்து, ஒரு சின்னத் தலை வெளியே வந்தது; பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மற்றவை. பாதிக்கு மேல் படகுத்துறை விளக்கைப் பார்த்து நகர ஆரம்பித்தன. கையால் தொட்டுத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், ஒருவர் ஓடிப்போய் விளக்கை அணைக்கச் சொல்ல, மற்றவர்கள் வெளிச்சத்தை மறைத்து வரிசையாக நின்றார்கள். குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் திரும்பின.

மறுநாள் முதல் கரையோர வீடுகளுக்குப் போய் விளக்கை உள்பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டோம். வந்தவர்கள் தனியே போன வீடுகளில் பெரும்பாலும் மரியாதையான புன்னகைதான் கிடைத்தது. ஊர் இளைஞர் ஒருவர் கூடச் சென்ற வீடுகளில் பேச்சு நடந்தது, விளக்கும் திரும்பியது. ஆகவே இனி எந்தப் பணிக்கும் உள்ளூர் ஆள் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

இனி, கஷ்டமான பக்கம். முதல் சில வாரங்கள் எல்லாம் புதுமை. அதற்குப் பிறகுதான் தனிமை பிடிக்கும். வீட்டுக்குப் பேச இணையம் வேலை செய்யாது, கடல் கொந்தளித்தால் படகு வராது, கடிதமும் மருந்தும் அக்கரையிலேயே நிற்கும். அப்படியொரு வாரத்தில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. நம் சுகாதாரப் பணியாளர் பார்த்துக்கொண்டார், அவள் தேறிவிட்டாள். ஆனால் அவளுடைய காப்பீட்டில் கடல்வழியே அவசரமாக ஏற்றிச் செல்லும் செலவு சேரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது காப்பீட்டுப் பத்திரத்தை முன்கூட்டியே வாங்கிப் படிக்கிறோம். விசாவையும் அப்படியே: சம்பளமே இல்லாவிட்டாலும், சுற்றுலா விசாவில் வந்து தொண்டு செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை.

பிள்ளைகள் மனம் சோர்ந்தால் பேசுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் வேலை வாங்கும் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. ஐரோப்பிய யூனியனின் சாலிடாரிட்டி கோர் என்ற இளைஞர் தன்னார்வத் திட்டத்தில் இதற்கென்றே தனி வழிகாட்டி உண்டு. 18 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் தனி ஆளாக 2 முதல் 12 மாதம் வரை பணியாற்றலாம்; வாரத்துக்கு 38 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை; தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவுப் பணம் திட்டத்தின் பொறுப்பு. சம்பளம் வாங்கும் ஒருவரின் வேலையைத் தன்னார்வலரைக் கொண்டு நிரப்பக் கூடாது என்ற விதியும் அதில் இருக்கிறது. இந்த விதி நமக்கு மிக முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. இவ்வளவு சிறிய ஊரில், விருந்தாளி இலவசமாகச் செய்யும் ஒரு வேலை ஒரு குடும்பத்தின் வருமானத்தில் கைவைத்துவிடும். சுவருக்கு வண்ணம் அடிக்க நம்மிடமே ஆள் உண்டு.

இரண்டு வாரம் வந்து போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் தண்ணீரைப் பழகி, நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும்போது புறப்பட்டுவிடுகிறார்கள். பள்ளியில் சின்னக் குழந்தைகள் ஒருவரோடு ஒட்டிக்கொண்டு, அவர் போனதும் அடுத்தவரிடம் ஒட்டி, அவரையும் இழக்கிறார்கள். தங்கியிருந்தவர்கள்தான் படகு வராத வாரத்தில் நம்மோடு வரிசையில் நின்றார்கள், பஞ்சாயத்தில் உட்கார்ந்து கேட்டார்கள், ஆமைக் கூடுகளின் குறிப்பேட்டை ஊர்ப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

எனவே கீழ்க்காணும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்: வரும் ஆண்டு முதல் குறைந்தது மூன்று மாதம் தங்குபவர்களை மட்டுமே சங்கம் ஏற்கும், பள்ளிப் பணிக்கு அதைவிட நீண்ட காலமும் காவல்துறை நற்சான்றும் தேவைப்படும், ஒவ்வொருவருக்கும் உள்ளூர்த் தோழர் ஒருவர் நியமிக்கப்படுவார்.

இவ்வறிக்கையையும் தீர்மானத்தையும் பரிசீலித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
செயலாளர்