லீவுக்கு வரப்போகும் என் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பாதி பேச்சு காதிலேயே விழவில்லை. "அண்ணே, முழுப்பரீட்சை லீவுக்கு அங்கே வந்தால் இதுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெயில் வேற. பேசாமல் மலைப்பக்கம் எங்கேயாவது ரிசார்ட்டில் ரூம் போட்டுவிடலாமா?" என்று கேட்டாய். ஊரைவிட்டுப் போய் வேலை பார்க்கிற என் நண்பர்களும் ஏப்ரல் வந்தால் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் உனக்குச் சொல்ல வேண்டியதை அவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ரூம் போட வேண்டாம். பாளையங்கோட்டைக்கு, நம் வீட்டுக்கே வா. மருமகனுக்கும் மருமகளுக்கும் பொழுதுபோக்கு தேடி அலையாதே. அவர்களுக்கு வேலை கொடுப்போம். ஹோம்வொர்க் மாதிரி வேலையைச் சொல்லவில்லை. வீட்டில் நடக்கிற காரியத்தில் ஒரு பங்கு. அவர்கள் செய்யாவிட்டால் அன்றைக்கு அந்தக் காரியம் நின்றுபோகும், அப்படிப்பட்ட பங்கு. நாம் வளர்ந்தது அப்படித்தான். என் பிள்ளைகளிடமும் அதைப் பார்க்கிறேன். சும்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய இடங்களை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கை வைத்துச் செய்ததை மறப்பதில்லை.

முதலில் கூழ் வத்தல். அம்மா அதை நீ வரும்வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறாள். விடியக்காலம் நாலு மணிக்கே அடுப்பைப் பற்ற வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தால்தான் வெயில் ஏறுவதற்குள் மாடியில் ஊற்றி முடிக்கலாம். பச்சரிசி மாவு, ஊறிய ஜவ்வரிசி, அரைத்த பச்சைமிளகாய், பெருங்காயம், கடைசியாக எலுமிச்சம் பழம். உப்பை மட்டும் ஒரு மாற்றுக் குறைத்துத்தான் போடுவாள். காய்ந்து சுருங்கும்போது உப்பு தூக்கிக் காட்டும். இதையெல்லாம் அம்மா எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் நின்று கிண்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். இந்த முறை கிண்டுவதில் கொஞ்ச நேரம் மருமகள் நிற்கட்டும். அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலை இல்லை. பெரியவர் ஒருவர் கூடவே இருப்போம், பயப்படாதே.

மாடியில் நனைத்த வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல் வைப்பது, கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றுவது, பிறகு காக்கா வராமல் காவல் இருப்பது எல்லாம் பிள்ளைகள் பாடு. கறுப்புக் குடையை விரித்து வைத்தால் காக்கா கிட்டே வராது என்று ஆச்சி சொல்லுவாளே, அதையும் அவர்கள் சோதித்துப் பார்க்கட்டும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரித்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். போனை ஐந்து நிமிஷம் கீழே வைக்க மாட்டாள் என்று நீ சொன்ன பெண், வத்தல் உரிக்கிற ஒரு மணி நேரம் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று பார். மறுநாள் தாம்பாளத்தில் இன்னொரு காய்ச்சல் காய்ந்தால் போதும். பாதி காய்ந்த வத்தலைத் திருடித் தின்பதும் இதில் சேர்த்தி. அதை அம்மா தடுக்க மாட்டாள்.

வத்தல் வேலை முடிந்ததும் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறோம். நடு அறையில் மத்தியானம் ஃபேன் அனல் காற்றாகத்தான் இறைக்கிறது என்று உனக்குத் தெரியும். தளத்தில் வெள்ளை அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும், சூடு கீழே இறங்குவது குறையும். ஏசி வாங்குவதற்கு முன்னால் எல்லா மாடி வீட்டுக்காரர்களும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி முதல் நாளே ஊறப்போட வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. அதனால் நீற்றுவதும் வடிகட்டுவதும் நானும் மாப்பிள்ளையும். பிடிப்புக்கு ஃபெவிகால் கலந்துகொள்வோம். தளத்தைக் கூட்டிக் கழுவுவது, விரிசல் எங்கே இருக்கிறதென்று தேடி சாக்பீஸால் வட்டம் போடுவது, அடிக்கிறதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகள் பொறுப்பு. விரிசலை அவர்கள் காட்டினால்தான் நான் பூசுவேன். மட்டைப் பிரஷ் பிடித்து ஒரு ஓரத்தை அவர்களும் அடிக்கட்டும், ஆனால் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான். வெயில் தாழ்ந்த பிறகு அடித்து, மறுநாள் சாயங்காலம் இரண்டாவது பூச்சு. மழைநீர்த் தொட்டிக்குப் போகிற குழாயை அடைத்து வைத்து, முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். அதை ஞாபகம் வைத்துக்கொள்கிற பொறுப்பை என் மூத்தவளுக்குக் கொடுத்திருக்கிறேன். காலண்டரில் எழுதியே வைத்துவிட்டாள்.

காலையில் காய்கறி வாங்குவதும் அவர்களே. மகாராஜ நகர் உழவர் சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போட்டிருப்பார்கள். பையும் பணமும் கொடுத்துவிட்டு நான் ஓரமாக நிற்பேன். பலகையைப் பார்த்து, எடையைப் பார்த்து, மீதியை எண்ணி வாங்கி வரட்டும். கத்தரிக்காய் சொத்தையாக வந்தால் அன்றைக்குச் சொத்தையை நறுக்கிப் போட்டுவிட்டுக் குழம்பு வைப்போம், யாரும் திட்டக்கூடாது. அந்த ஒரு நிபந்தனையை மதினி போட்டிருக்கிறாள், நீயும் ஒத்துக்கொள்.

வழியில் நுங்கு வாங்கும்போது நுங்கை எடுத்துவிட்டுப் போட்ட காய் மட்டையில், அதாவது கூந்தலில், நல்லதாக இரண்டைக் கேட்டு எடுத்து வரச் சொல். நடுவில் குச்சி செருகி, கவைக்கம்பு வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. கடையில் வாங்கிய ரிமோட் கார் அலமாரியில் கிடக்க, போன கோடை முழுக்க எங்கள் தெருவில் ஓடியது இதுதான். பதநீர்க்காரர் வந்தால் ஓலைப்பட்டையில் நுங்கு போட்டுக் குடிக்கக் கொடு. பட்டை மடிக்கவும் அவர் சொல்லித் தருவார்.

சரி, வெளியே எங்கே போவது?

குற்றாலம் இப்போது வேண்டாம். சாரல் ஜூனில்தான் பிடிக்கும், அதற்கு முன் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். கோடை மழை பெய்து தண்ணீர் விழுந்தாலும் எனக்குத் தைரியம் இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் நம் பக்கத்துப் பையன் ஒருவன் போய்விட்டான். அருவியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை வந்து இறங்கும். விசில் ஊதினால் துண்டைக்கூட எடுக்காமல் வெளியே வர வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு எந்த அருவிக்குப் போனாலும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

கூந்தன்குளத்துக்குக் கட்டாயம் போகிறோம். மூலைக்கரைப்பட்டி வழியாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கிற ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் எனக்கு அந்த ஊர் பிடித்ததற்குக் காரணம் வேறு. பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை. ஊருக்குள் வந்து வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். திண்ணையில் ஆள் உட்கார்ந்திருப்பார், தலைக்கு மேலே நாரை குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும். எச்சம் விழும், நாற்றம் அடிக்கும். யாரும் விரட்டுவதில்லை. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்து விடுவார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளிக்கொள்வார்கள். ஒரு ஊரே சேர்ந்து இப்படி இருக்க முடியும் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் நீ வருவதற்குள் திரும்பிப் போயிருக்கும். அதற்கு நீ பொங்கலை ஒட்டி வர வேண்டும். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வளர்ந்த குஞ்சுகளோடு இருக்கும், அதுவே போதும். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே விசாரித்துவிடுகிறேன். மருமகள் போனைக் கொண்டு வரட்டும். அதில் ஈபேர்ட் செயலியைப் போட்டுக்கொடு. பறவைப் பட்டியல் எழுதுவது அவள் பொறுப்பு, பைனாகுலர் மருமகன் கையில். இருவரும் பேசிக்கொள்ளாமல் பட்டியல் நகராது.

இன்னொரு நாள் பாபநாசம். அகஸ்தியர் அருவியில் கோடையிலும் தண்ணீர் விழும். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்த்துத்தான் விடுவார்கள். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம். மதினி இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிவிடுவாள். புளியோதரையும் தேங்காய்த் துவையலும் தூக்குவாளியில். இறங்கும் வழியில் கோயில் படித்துறையில் உட்கார்ந்து சாப்பிடலாம். பரிகாரம் என்று தாமிரபரணி ஆற்றில் விட்ட வேட்டி சேலையெல்லாம் அங்கே பாறையில் சுற்றிக் கிடக்கும், பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லு. நம் குடிதண்ணீர் இது, இதில் துணியைப் போடுவது தப்பு என்று நான் அவர்களிடம் நேராகவே சொல்லப்போகிறேன்.

நீச்சல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றுக்குள் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதென்று பழைய நினைப்பில் சொல்ல முடியாது. குறுக்குத்துறையில் தினமும் குளிக்கிறவர்களைக் கேட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில், லாரி டியூபைக் கட்டிக்கொண்டுதான் இறங்குவது. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறதல்லவா, வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரைக்குத் தூக்கி வந்துவிடுவார்கள் என்கிற கதையை அங்கே வைத்துச் சொல்லலாம்.

எல்லா நாளையும் நிரப்பிவிடாதே. இடையில் ஒன்றும் செய்யாத மத்தியானங்கள் வேண்டும். பிள்ளைகள் "போரடிக்குது" என்று சொன்னதும் நீ எழுந்து ஓடாமல் இருந்தால் போதும். தாயமோ பல்லாங்குழியோ அவர்களாகத் தேடி எடுப்பார்கள். அம்மாவும் ஆட்டத்துக்கு ரெடி.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் கோடைக்கு உடனே தீர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் காலையிலேயே உட்காரச் சொல். பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு பட்டாலும் பரவாயில்லாத பழைய சட்டை, காலுக்குப் பிடிப்பான செருப்பு. அப்புறம் வத்தல் ஊற்றுகிறதற்கு வீட்டில் வேட்டி ஒன்றுதான் நன்றாக இருக்கிறது. மாப்பிள்ளையிடம் பழைய நாலு முழம் இருந்தால் துவைத்து எடுத்துக்கொண்டு வா என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன்